தூங்கினால் குற்றம்!

நடுராத்திரி. கரைக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு பாய்மரப் படகு நங்கூரம் போட்டு நிற்கிறது. உள்ளே ஒரே ஒரு ஆள். அவர் தூண்டிலைப் போட்டுக்கொண்டு கொட்டக் கொட்ட விழித்திருந்தால், சட்டப்படி சரி. தூண்டிலைச் சுருட்டி வைத்துவிட்டுப் படுத்துத் தூங்கினால், சட்ட விரோதம்!

ஜோக் இல்லை சார். அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் 2016-ல் நிறைவேறிய சட்டம் இது. மயாமி பீச் பக்கம் இருக்கும் செயற்கைத் தீவுகளுக்கு இடைப்பட்ட நீர்ப்பரப்பு உள்ளிட்ட சில இடங்களில், சூரியன் மறைந்து அரை மணி கழித்து, மறுநாள் உதயத்துக்கு அரை மணி முன்பு வரை, படகுகள் நங்கூரம் போடக் கூடாது என்றார்கள். எஞ்சின் கெட்டுப்போனால் விலக்கு உண்டு. புயல் அடித்தால் விலக்கு உண்டு. பொழுதுபோக்காக மீன் பிடித்துக்கொண்டிருந்தால்கூட விலக்கு உண்டு. தூங்குவதற்குத்தான் இல்லை. அதற்குப் பிறகு வந்த வருடங்களிலும் கட்டுப்பாடுகள் கூடித்தான் வந்திருக்கின்றன.

ஏன் இப்படி? கரையோரம் மாளிகை கட்டிக் குடியிருப்பவர்களின் புகார். குப்பை போடுகிறார்கள், கழிவைக் கொட்டுகிறார்கள், சத்தம் போடுகிறார்கள் என்று பட்டியல் நீளம். ஆனால் பட்டியலை மடித்துப் பாருங்கள், அடியில் ஒரே வரிதான் இருக்கிறது. ‘கோடி கோடியாகக் கொட்டி வாங்கிய ஜன்னலுக்கு எதிரே கண்டவன் படகு நிற்கலாமா?’

சரி, யார் அந்தக் கண்டவர்கள்?

படகில் வாழ்கிறார் என்றதும் நமக்கு சினிமா டூயட்தான் ஞாபகம் வருகிறது. வெள்ளைவெளேர் படகு, கையில் ஜூஸ், காற்றில் பறக்கும் துப்பட்டா. அந்தப் படத்தை அழித்துவிட்டு என்னோடு மாரத்தான் வரை வாருங்கள். ஓட்டப் பந்தயம் அல்ல, ஊர்ப் பெயர். ஃப்ளோரிடாவின் தென்கோடியில் ‘கீஸ்’ என்றொரு தீவு வரிசை. அதன் நடுவில் இருக்கிறது. மயாமி பீச் தடை இந்த ஊருக்கானது இல்லை. படகுவாசிகள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்பதால் கூப்பிடுகிறேன்.

அங்கே நகராட்சியே ஒரு மெரினா நடத்துகிறது. நமக்கு மெரினா என்றால் சுண்டல். கவர்னர் கிராண்ட் டஃப் 1880-களில் ஆசையாக ஒரு இத்தாலியப் பெயரை நம் கடற்கரைக்கு வைத்துவிட்டுப் போய்விட்டார். மற்ற ஊர்களில் மெரினா என்றால் படகு நிறுத்துமிடம். மாரத்தான் மெரினாவில் கடலடியில் பதித்துக் கட்டிய மிதவைகள் 200-க்கும் மேல். வாடகை கொடுத்து ஒரு மிதவையில் படகைக் கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் குடியிருக்கலாம்.

காலையில் ரேடியோவோடு பொழுது விடிகிறது. யார் புதிதாக வந்திருக்கிறார், யார் கிளம்புகிறார், யாரிடம் பழைய பம்ப் விற்பனைக்கு இருக்கிறது, யாருக்கு உதவி வேண்டும்... எல்லாம் ரேடியோவிலேயே பேசிக்கொள்கிறார்கள். அப்புறம் டிங்கி என்கிற குட்டிப் படகில் ஏறிக் கரைக்குப் போக வேண்டும். குளியல் கரையில். துணி துவைப்பது கரையில். மளிகை வாங்கிக்கொண்டு, கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்ப வேண்டும். வழியில் மழை வந்தால் அரிசி, பருப்பு, ஆள் எல்லாம் ஒன்றாக நனையும்.

மின்சாரம் சோலார் தகடு கொடுக்கும் வரைதான். நாலு நாள் மேகம் மூடினால் ஃபேன் ஓடுமா, ஃபிரிட்ஜ் ஓடுமா என்று கணக்குப் போட வேண்டும். வெயில் காலத்தில் உள்ளே இட்லிப் பானை. மெத்தைக்கு அடியில் பூஞ்சை. படகின் அடிப்பாகத்தில் சிப்பி மாதிரி ஒட்டிக்கொள்ளும் ஜந்துக்களை மூச்சைப் பிடித்து முங்கிச் சுரண்ட வேண்டும். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் சீசன். 2017 செப்டம்பரில் இர்மா புயல் கீஸ் தீவுகளில் கரையேறியபோது, இந்தத் துறைமுகத்தில் எத்தனையோ படகுகள் மூழ்கின, கரையில் தூக்கி எறியப்பட்டன. அவை வெறும் படகுகள் அல்ல, வீடுகள்.

இப்படி வாழ்பவர்களில் ஓய்வு பெற்றவர்கள் உண்டு. பஹாமாஸ் போக நல்ல காற்றுக்குக் காத்திருக்கும் பயணிகள் உண்டு. கரையிலுள்ள ஹோட்டலில் பாத்திரம் கழுவிவிட்டு, அந்தச் சம்பளத்தில் அதே கரையில் ஒரு அறைகூட எடுக்க முடியாமல் படகுக்குத் திரும்புகிறவர்களும் உண்டு. தீவு முழுக்கச் சுற்றுலா, வாடகை வானத்தில். கரையில் இருப்பவருக்குக் காபி கொடுக்க அந்த ஆள் வேண்டும். ராத்திரி ஆனால் அவர் கண்ணில் படக் கூடாது.

‘ஆனாலும் கழிவைக் கடலில் விடுவது தப்புதானே சார்?’ என்று கேட்பீர்கள். தப்புதான், சந்தேகமே இல்லை. அதற்கும் சட்டம் இருக்கிறது. கீஸ் தீவுகளைச் சுற்றியுள்ள மாநிலக் கடலில், படகிலிருந்து ஒரு சொட்டுக் கழிப்பறைக் கழிவும் விடக் கூடாது என்று 2002-லேயே தடை வந்துவிட்டது. மாரத்தானில் நகராட்சிப் படகே முறை வைத்து வந்து, கழிவுத் தொட்டியை உறிஞ்சிக்கொண்டு போகிறது.

இப்போது கரைப் பக்கம் திரும்புங்கள். அதே தீவுகளில் ஏராளமான வீடுகளின் கழிவு, செப்டிக் டேங்கிலும் வெறும் கழிவுக் குழியிலும் இறங்கி, ஓட்டை ஓட்டையான சுண்ணாம்புப் பாறை வழியாகக் கடலுக்குத்தான் கசிந்துகொண்டிருந்தது. இதைச் சரிசெய்ய 1999-ல் சட்டம் போட்டார்கள். கெடு 2010. முடியவில்லை. சரி, 2015 வரை எடுத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டித்தார்கள். படகுக்காரருக்கு 2002-ல் பூட்டு. வீட்டுக்காரருக்கு 2015 வரை தவணை! பவளப்பாறைக்குத் தெரியுமா எந்தக் கழிவு யாருடையது என்று?

கைவிடப்பட்டு மூழ்கும் படகுகளும் நிஜமான தொல்லைதான். டீசல் கசியும், கடற்புல் சாகும், அகற்றும் செலவு பொதுமக்கள் தலையில் விழும். அப்படி விட்டுவிட்டுப் போவதும் அங்கே ஏற்கெனவே குற்றம்தான். பிடியுங்கள், அபராதம் போடுங்கள். யார் வேண்டாம் என்றார்கள்? கழிவு விட்டவரைத் தண்டிப்பது நியாயம். படகை அம்போவென்று விட்டவரைத் தண்டிப்பதும் நியாயம். ஒழுங்காக விளக்கேற்றி, நங்கூரம் போட்டு, யாருக்கும் தொல்லை தராமல் தூங்கியவரைத் தண்டிப்பது என்ன நியாயம்?

ஃப்ளோரிடாவின் அரசியல் சட்டத்தைப் புரட்டினால் ஒரு விஷயம் தெளிவாக இருக்கிறது. படகு போகக்கூடிய நீர்நிலைகளின் அடிநிலம், எல்லா மக்களுக்காகவும் அரசு அறங்காவலராக வைத்திருக்கும் சொத்து. எல்லா மக்களுக்காகவும்! ஜன்னல் வைத்திருப்பவர்களுக்காக மட்டும் அல்ல.

‘கடலைப் பார்த்த வீடு’ என்று முழுப் பக்க விளம்பரம் பார்த்திருப்பீர்கள். நாமும் ஆசைப்பட்டிருப்போம், தப்பில்லை. ஆனால் பத்திரத்தில் எழுதியிருப்பது இத்தனை சதுர அடி மட்டும்தான். ஜன்னலுக்கு வெளியே தெரியும் தண்ணீர் அதில் சேராது. அந்தத் தண்ணீரில் ஒருத்தர் தூங்கிக்கொண்டிருந்தால், திரையை இழுத்துவிட்டு நீங்களும் தூங்குங்கள். அவரும் காலையில் வேலைக்குப் போக வேண்டியவர்தான்.