பணிவிடை என்னும் பெயரில் முடக்காதீர்!



அறுபதைக் கடந்த பெற்றோரை நாற்காலியில் அமர்த்தி, தண்ணீர்ச் செம்பைக்கூட எடுக்கவிடாமல் பார்த்துக்கொள்வதே பணிவிடை என நம் குடும்பங்கள் எண்ணுகின்றன. இது பணிவிடை அன்று. அன்பின் பெயரால் நாம் இழைக்கும் தீங்கு.

திருப்பூர் - தாராபுரம் சாலையிலுள்ள நம் அவிநாசிபாளையத்திலும் சுற்று ஊர்களிலும் இத்தீங்கு இரட்டிப்பாகிறது. பனியன் கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்ட் கணக்கில் ஓவர்லாக் மெஷின் முன் குனிந்தே இருந்தவர்களும், செக்கிங் மேசையருகே நின்றே உழைத்தவர்களும் இடுப்பும் முழங்காலும் தேய்ந்த நிலையில்தான் வேலையை விடுகின்றனர். தேய்ந்த மூட்டைத் தாங்க அவர்களுக்குத் தசை வலிமை வேண்டும். நாமோ, "இனி உட்காருங்கள் அத்தா" என்று கூறி, இருக்கும் தசையையும் கரையவிடுகிறோம்.

2007இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், நலமாக இருந்த முதியோர் 10 நாட்கள் படுக்கையில் கிடந்ததிலேயே கால்களில் ஏறக்குறைய 1 கிலோ தசையை இழந்தனர். மாறாக, 1990இல் வெளியான மற்றோர் ஆய்வில், தொண்ணூறு வயதை எட்டிய முதியோர் இல்லத்தவர்கள் 8 வாரப் பயிற்சியில் கால் வலிமையை இரு மடங்குக்கும் மேலாகப் பெருக்கிக்கொண்டனர். அப்படியிருக்க, அறுபதில் எதற்கு முடக்கம்?

"முதுமைக்கு மருந்தில்லை என்று நபி (ஸல்) அவர்களே கூறியுள்ளார்களே" எனச் சிலர் வாதிடுகின்றனர். அபூதாவூதிலும் திர்மிதியிலும் இடம்பெறும் அந்நபிமொழியை அவர்கள் முழுமையாகப் படிக்கட்டும். மருத்துவம் செய்துகொள்ளுமாறு பணித்த பின்னரே அது முதுமையை விதிவிலக்காகக் கூறுகிறது. மருந்தில்லாதது முதுமைக்குத்தான், முழங்கால் வலிக்கும், சர்க்கரைக்கும், கண்புரைக்கும் மருத்துவம் உண்டு. இவற்றையெல்லாம் முதுமைக் கணக்கில் எழுதிவிட்டு, விதி என்று ஒதுங்குவது ஈமான் அன்று, சோம்பலே.

65 வயதைக் கடந்தவர்களும் வாரம் 150 நிமிடங்களேனும் நடை போன்ற உழைப்பிலும், 2 நாட்கள் தசைப் பயிற்சியிலும், விழாமல் காக்கும் சமநிலைப் பயிற்சியில் 3 நாட்களும் ஈடுபட வேண்டுமென உலகச் சுகாதார நிறுவனம் வழிகாட்டுகிறது. ஆகவே, பள்ளிவாசலுக்கு நடக்க முடிந்த அத்தாவை பைக்கில் ஏற்றத் துடிக்காதீர்கள். அடுப்படியில் நிற்க விரும்பும் அம்மாவை விரட்டாதீர்கள். 2021 ஆகஸ்ட் 5இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. மாத்திரையோடு நின்றுவிடாமல் அதையும் கேட்டுப் பெறுங்கள்.

எழவே இயலாதவர்களைத் தாங்குவது நம் கடமை. அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் எழ இயன்றவரை இயலாதவராக்க நமக்கு உரிமையில்லை. பிறர் கைத்தாங்கலின்றி ஒளுச் செய்து, தம் காலில் நின்று தொழுது, நெற்றி தரையில் பட சஜ்தா செய்யும் வலிமையை அவர்களுக்கு இயன்றவரை காத்துத் தருவதே உண்மையான பணிவிடை.

அல்லாஹ் நம் பெற்றோருக்கும் நமக்கும் ஆஃபியத்தான முதுமையை அருள்வானாக. ஆமீன்.