புறாத் தீவில் எத்தனை கால்கள்?

நிலாவெளிக் கரையில் படகேறினால் சற்று நேரத்தில் புறாத் தீவு வந்துவிடும். பாறை இடுக்குகளில் கூடுகட்டும் மாடப்புறாக்களால் வந்த பெயர் அது. நாம் வளர்க்கும் புறாக்களுக்கெல்லாம் மூத்த காட்டினம் இது. இலங்கையில் இது குஞ்சு பொரிக்கும் இடங்கள் மிகச் சில. அப்படிப்பட்ட தீவை வெள்ளைக்காரர் ஆட்சியில் துப்பாக்கி சுடும் களமாகப் பயன்படுத்தினார்கள். 1963இல் அது சரணாலயமானது. 2003இல், சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 471 ஹெக்டேர் பரப்பில் தேசியப் பூங்காவாக்கினார்கள். ஹிக்கடுவைக்கு அடுத்து நாட்டுக்குக் கிடைத்த இரண்டாவது கடற்பூங்கா இது.

துப்பாக்கியைத் தடுப்பது சட்டத்துக்கு எளிது. சுட்டவன் கையில் துப்பாக்கி இருக்கும், சுடப்பட்டது தரையில் கிடக்கும். இன்று தீவுக்கு வரும் ஆபத்துக்கு அப்படி ஒரு தடயமும் இல்லை. உயிர்காப்பு அங்கியும் மூச்சுக்குழாயுமாக, ஆசையோடு வரும் மனிதரின் கால்தான் அந்த ஆபத்து.

ஓகஸ்ட் விடுமுறையில் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நீச்சல் பழகாத ஒருவர் இடுப்பளவு நீரில் மிதக்கிறார். வாயில் உப்புநீர் ஏறுகிறது. பதறி எழுந்து நிற்கிறார். அவர் நின்றது கல்லில் என்று நினைக்கிறார். அது முருகை, கண்ணுக்கு எட்டாத சிற்றுயிர்கள் கூடிக் கட்டிய வீடு. கிளை விட்டு வளரும் முருகை ஆண்டுக்குச் சில அங்குலம் நீளும். குண்டுகுண்டாகத் திரளும் வகை ஆண்டு முழுதும் வளர்ந்தாலும் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர்தான். ஒரு மிதியில் போவது ஒரு பிள்ளையின் வயதுக் காலம். திருகோணமலைக் கோட்டைப் பக்கம் திரியும் புள்ளிமான்களுக்குக் கண்ட தின்பண்டத்தையும் நீட்டுகிறோமே, அதுவும் இதே போன்ற அன்புதான். மானுக்கு அதனால் நன்மை இல்லை.

1998இல் கடல் சூடேறித் தெற்கிலும் மேற்கிலும் முருகைப் பாறைகள் வெளிறிச் செத்தபோது, புறாத் தீவில் உள்ளவை பெரும்பாலும் தப்பின. போர் முடிந்த 2009க்குப் பிறகு கூட்டம் பெருகியது. சூட்டிலிருந்து தப்பியதை மிதித்து அழித்தால் அந்தப் பழியைக் காலநிலையின் தலையில் போட முடியாது.

தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937இலிருந்து இருக்கிறது. தேசியப் பூங்காவுக்குள் பொதுமக்கள் வருவது வனசீவராசிகளைக் காணவும் கற்கவுமே என்பது அதன் அடிப்படை. அந்தக் கண்ணோட்டம் கடலுக்கும் பொருந்த வேண்டும். கரையில் அனுமதிச்சீட்டு விற்கும் வனசீவராசிகள் திணைக்களம், இன்று எத்தனை விற்றது என்பதைவிட, எத்தனையோடு நிறுத்தியது என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதே என் வாதம்.

தாய்லாந்து இதைச் செய்து காட்டியிருக்கிறது. நாளுக்கு ஐயாயிரம் பேர்வரை குவிந்த மாயா குடாவை 2018 ஜூனில் மூடினார்கள். 2022 ஜனவரியில் திறந்தபோது ஒரு வேளைக்கு 375 பேர்தான். படகுகள் குடாவுக்குள் வரக்கூடாது, நீந்தவும் தடை. மூடியிருந்த காலத்திலேயே கருந்துடுப்புச் சுறாக்கள் கூட்டமாகத் திரும்பின. நம் தீவின் ஆழமற்ற நீரில் சுற்றுவதும் அதே சுறாதான்.

படகுக்காரரின் பிழைப்பு என்னாகும்? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிப்பவர் எவரும் தீவைக் காப்பாற்றப் போவதில்லை. சுற்றுலாவுக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஆறு மாதம்தான். மற்ற மாதங்களில் வாடைக் கடல் விடாது. அந்த ஆறு மாதத்தில் வந்தவரையெல்லாம் ஏற்றிவிடத் துடிப்பது பேராசை அல்ல, வீட்டுக் கடன். ஆனால் கரைவலைப் பாட்டில் முறை வைத்து வலை இழுப்பது நம் கரைக்குப் புதிதல்ல. இன்று உன் முறை, நாளை என் முறை என்று மீனைப் பங்கிட்டவர்களுக்குப் பயணிகளைப் பங்கிடத் தெரியாதா? படகுச் சங்கங்களையும் குச்சவெளிப் பிரதேச செயலகத்தையும் உட்கார வைத்துத் திணைக்களம் முறையை எழுத வேண்டும். ஆட்கள் குறைவதற்கேற்ப ஒரு பயணத்துக்கான கூலி உயரலாம். முருகையை அறிந்த நிலாவெளி இளைஞர் ஒருவர் ஒவ்வொரு குழுவோடும் நீரில் இறங்கலாம். அதுவும் சம்பளமுள்ள வேலைதான். நீச்சல் தெரியாதவர் மணற்பக்கத்தோடு நிற்கட்டும். படகுகள் நங்கூரத்தைப் பாறைமேல் எறியாமல் கட்டிக்கொள்ள மிதவைகள் போடட்டும்.

வாடை ஓய்ந்து படகுகள் மீண்டும் கடலில் இறங்குமுன், நாளுக்கு இத்தனை பேர் என்ற எண் நிலாவெளிச் சீட்டுக் கூடத்தின் முன்னால் மூன்று மொழிகளிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்த எண் நிரம்பிய பிறகு எந்த அமைச்சரின் விருந்தாளி வந்தாலும் சீட்டுக் கிடைக்கக் கூடாது.