துக்கத்தின் காரணமும் குழந்தையின் அறிவும்

மகிழ்ச்சிக்கும் துக்கத்துக்கும் காரணத்தை நடந்த நிகழ்ச்சியில் மட்டும் தேடாமல், அவரவர் கொண்டுள்ள விருப்பத்திலும் நம்பிக்கையிலும் தேட வேண்டும் என்பது நமக்கு இயல்பாகிவிட்டபடியால், குழந்தைக்கு அந்த ஞானம் படிப்படியாகவே சித்திக்கிறது என்பதை மறந்து, அதன் பேதைமையைக் குணக்கேடென்று நாம் கருதிவிடுகிறோம்.

விருப்பத்தின் பங்கைக் குழந்தை முந்தி உணர்கிறது. இரண்டு வயதிலேயே, தேடியது கிடைத்தவன் மகிழ்வான், கிடைக்காதவன் வருந்துவான் என்று அறியும். நம்பிக்கையின் பங்கோ நெடுநாள் பிந்தி விளங்குவது. பால் ஹாரிஸும் அவருடைய சகாக்களும் 1989-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் ஒரு யானைக் கதை வருகிறது. கோலா பானத்தையன்றி வேறொன்றையும் விரும்பாத அந்த யானை இல்லாத சமயம் பார்த்து, குறும்புக்காரக் குரங்கு டப்பாவிலிருந்த கோலாவைக் கொட்டிவிட்டுப் பாலை நிரப்பி வைக்கிறது. திரும்பி வந்த யானை, குடிப்பதற்கு முன் டப்பாவைக் கண்டு மகிழுமா, வருந்துமா என்று கேட்டால், 6 வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் மகிழும் என்று சொல்ல, 4 வயதினர் பலர் வருந்தும் என்றே சாதிக்கிறார்கள். இதனினும் வியப்பு ஒன்றுண்டு: உள்ளே கோலா இருப்பதாகவே யானை எண்ணும் என்று பிழையின்றிச் சொல்லும் குழந்தையும், அதன் மனநிலையைக் கேட்டவுடன் துக்கம் என்றே சொல்லிவிடுவதுண்டு. பிறர் எண்ணத்தை அறிவது ஒன்று. அவ்வெண்ணமே உணர்ச்சியைப் பிறப்பிக்கிறது என்று அறிவது வேறொன்று.

தவறு செய்தவனின் மனநிலையைக் கேட்டாலும் இப்பேதைமை வெளிப்படும். ஜெர்மனியில் நுன்னர்-விங்க்லர், ஸோடியன் என்னும் இரு பெண்மணிகள் 1988-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மிட்டாய் திருடிய சிறுவன் மகிழ்ந்திருப்பான் என்று 4 வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் கூறின. 8 வயதினர் அவன் மனம் வருந்துவான் என்றனர். இளையவர்களும் திருட்டு தவறென்று அறிந்தவர்களே. விரும்பியதைப் பெற்றவன் மகிழ்வான் என்ற, தாம் முதலில் கற்ற நியாயத்தையே அவர்கள் இங்கும் பிரயோகித்தார்கள். இதைக் கேட்டு, ‘நெஞ்சில் ஈரமில்லாத பிள்ளை’ என்று கலங்கும் தாய் தன் குழந்தைக்கு அநீதி இழைக்கிறாள்.

அவள் செய்யத் தக்கது வேறு. விளையாட்டுச் சாமானுக்காக உடன்பிறந்தார் இருவர் மல்லுக்கு நிற்கையில், ‘அழாதே’ என்று அதட்டிச் சாமானைப் பிடுங்கி வைப்பதோடு நின்றுவிடாமல், தம்பி எதை எண்ணி அழுகிறான் என்று அண்ணனிடம் கேட்டுப் பேசுவதே அது. ஜூடி டன் முதலியோர் 1991-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு ஆதரவாக நிற்கிறது: 3 வயதில் வீட்டாரோடு உணர்ச்சிகளைப் பற்றி மிகுதியாகப் பேசி வளர்ந்த குழந்தைகள், 6 வயதில் பிறர் உணர்ச்சியை நன்கு அறிந்தன. குழந்தையின் பேச்சுத் திறமையோ, அவ்வீட்டில் தாயும் சேயும் பேசிய பேச்சின் மொத்த அளவோ இதற்குக் காரணமாகவில்லை.