கோள்களின் பெயர் தெரிந்தால் போதுமா?

எட்டுக் கோள்களையும் மூச்சுவிடாமல் வரிசையாகச் சொல்லும் பிள்ளையைப் பார்த்து, சூரியக் குடும்பம் இவளுக்கு அத்துப்படி என்று பூரித்துப்போகிறோம். முதலில் தகவலை மனதில் ஏற்ற வேண்டும், கேள்விகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பெற்றோரும் ஆசிரியர்களும் ஒருசேர நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை பிள்ளைகளின் அறிவைக் கெடுக்கிறது.

1987இல் வெளிவந்த 'எ பிரைவேட் யுனிவர்ஸ்' ஆவணப்படத்தில், பருவங்கள் ஏன் மாறுகின்றன, நிலவு ஏன் தேய்ந்து வளர்கிறது என்ற இரண்டில் ஒன்றை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 23 பேரிடம் கேட்டார்கள். மாணவர், முன்னாள் மாணவர், பேராசிரியர் எல்லாரும் அதில் உண்டு. 21 பேரின் விளக்கம் தவறு. பூமி சூரியனை நெருங்குவதால்தான் கோடை வருகிறது என்பது அங்கே திரும்பத் திரும்ப வந்த பதில். அவர்கள் படிக்காதவர்கள் அல்லர். படித்ததைச் சோதித்துப் பார்க்காதவர்கள்.

பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி தொடக்கத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர் தொலைவில். ஜூலையில் அது 15.2 கோடி. மார்கழிக் குளிரில் போர்த்திக்கொண்டு வரும் பிள்ளையிடம் இந்த இரு எண்களையும் கொடுங்கள். "கிட்ட இருக்கும்போது ஏன் சார் குளிருது?" என்று அவளே கேட்பாள். பாடம் அங்கேதான் தொடங்க வேண்டும்.

விடை பள்ளி மைதானத்திலேயே இருக்கிறது. ஒரு மீட்டர் குச்சியை நிமிர்த்தி நட்டு, வாரம் ஒருமுறை உச்சிவேளை நிழலை அளக்கச் சொல்லுங்கள். சென்னையில் டிசம்பர் 22ஐ ஒட்டி நிழல் வடக்கே 74 சென்டிமீட்டர் வரை நீளும். ஏப்ரல் 24 வாக்கில் நிழலே இராது. ஜூனில் அது தெற்குப் பக்கம் விழும்! சாய்ந்து விழும் வெயில் அதிக நிலத்தில் பரவிச் சூடு குறைவதைப் பிள்ளைகள் டார்ச் விளக்கை வைத்தே பார்த்துவிடலாம். பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பதை அதன்பின் சொன்னால், அது அவர்கள் தேடிக்கொண்டிருந்த விடையாக இருக்கும்.

நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதற்கெல்லாம் நேரமேது என்பார்கள். நிழலை அளக்க ஐந்து நிமிடம் போதும். எல்லாவற்றையும் பிள்ளைகளே கண்டுபிடிக்க முடியுமா என்றும் கேட்பார்கள். முடியாது. நெப்டியூன் என்ற பெயரை ஆசிரியர்தான் சொல்ல வேண்டும். எந்தக் கேள்வியை எப்போது எழுப்புவது என்பதும் அவர் கையில்தான் இருக்கிறது; விரிவுரையைவிடக் கடினமான வேலை அது.

கோள்களை வரிசையாக எழுதச் சொல்லும் தேர்வுக் கேள்வியை நீக்குங்கள். அந்த மதிப்பெண்ணை நிழல் குறிப்பேட்டுக்குக் கொடுத்து, ஜூன் மாத நிழல் ஏன் திசை மாறியது என்று கேளுங்கள்.