ஊரார் வாங்கித் தந்த கொதிகலன்

'விஸ்கிக்கும் இந்தப் பக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?' என்று வாசகர்களில் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். புட்டியைத் திறக்க நாம் யாரையும் அழைக்கவில்லை. அது மூடியபடியே இருக்கட்டும். அதற்குப் பின்னால் நிற்கும் ஓர் ஊரைப் பற்றியே நாம் சொல்ல வந்தோம்.

அயர்லாந்தின் தலைநகரான டப்ளினுக்கு மேற்கே, ப்ராஸ்னா என்னும் சிறு நதியின் கரையில் கில்பெகன் என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1757-ம் வருஷத்தில் விஸ்கி வடிக்கும் ஆலை ஒன்று ஏற்பட்டது. 1843 முதல் அது லாக் குடும்பத்தாரின் கைக்கு வந்தது. 'விஸ்கி' என்பது, 'உயிர்நீர்' என்று பொருள்படும் ஐரிஷ் சொல்லின் சிதைவு. அந்த உயிர்நீர் எத்தனை பேருடைய உயிரை வாங்கியது என்பது வேறு விஷயம்.

அதைச் செய்யும் முறை பொறுமையைச் சோதிப்பது. பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, சூளையில் உலர்த்தி அரைக்கிறார்கள். மாவை வெந்நீரில் கரைத்தால் தானியத்திலுள்ள மாச்சத்து சர்க்கரையாகிவிடும். அந்த இனிப்பு நீரைத் தொட்டிகளில் ஊற்றி ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க வைக்கிறார்கள். பிறகு செம்பு வாலையில் இட்டுக் காய்ச்சுகிறார்கள். தண்ணீர் கொதிப்பதற்கு முன்பே, 78 டிகிரியில், சாராயம் ஆவியாகி எழும். குளிர்ந்த சுருள் குழாயில் இறங்கி மறுபடியும் திரவமாகும். இப்படி இரண்டு முறை, அயர்லாந்தின் பல ஆலைகளில் மூன்று முறை, வடிப்பதுண்டு. முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கி, நடுவில் வருவதை மட்டுமே பீப்பாய்க்கு அனுப்புவார்கள்.

மரப் பீப்பாயில் குறைந்தது 3 வருஷம் உறங்கினால்தான் சட்டப்படி அதற்கு ஐரிஷ் விஸ்கி என்ற பெயர். உறங்கும்போது வருஷத்துக்குச் சுமார் நூற்றுக்கு 2 பங்கு ஆவியாகிப் போய்விடும். அதைத் 'தேவதைகளின் பங்கு' என்கிறார்கள். தீர்வை அதிகாரிகளால் பிடிக்க முடியாத குடியர்கள் அந்தத் தேவதைகள்தாம்!

ஆலையின் முதலாளி ஜான் லாக் தொழிலாளர்களுக்கு வீடு கிடைக்கச் செய்தார். குளிர்காலத்துக்கு நிலக்கரியும் வரவழைத்துக் கொடுத்தார். 1866-ல் ஒரு விபத்தில் கொதிகலன் பழுதாயிற்று. புதிது வாங்கப் பணமில்லாமல் வேலை நின்றது. அப்போது ஊர் ஜனங்களே பணம் சேர்த்துக் கொதிகலன் ஒன்றை வாங்கி, நன்றிக் கடிதத்துடன் முதலாளியிடம் ஒப்படைத்தார்கள். முதலாளிக்குத் தொழிலாளியின் ஊர் பரிசளித்த செய்தியை நாம் அடிக்கடி கேட்பதில்லை. 1878-ல் தீப்பிடித்தபோதும், கிடங்கின் கதவை உடைத்து, பீப்பாய்களைத் தெருவிலே உருட்டிக் காப்பாற்றியவர்கள் அவர்களே.

ஆனால், ஊராரால் அணைக்க முடியாத தீயும் உண்டு. தீர்வை இலாகாவில் உத்தியோகம் பார்த்திருந்த ஈனியஸ் காஃபி, இடைவிடாமல் வடிக்கும் புதிய வாலைக்கு 1830-ல் காப்புரிமை பெற்றார். செலவைக் குறைக்கும் அந்தச் சாதனத்தை ஐரிஷ் ஆலைக்காரர்கள் இகழ்ந்தார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் ஏற்றுச் சந்தையைப் பிடித்தார்கள். பிறகு 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. 1930-களில் பிரிட்டனுடன் வர்த்தகப் போர். வரிகளும் சேர்ந்துகொள்ள, 1950-களில் கில்பெகனின் அடுப்பு அணைந்தது. செம்பு வாலைகள்கூடப் பழைய உலோக விலைக்குப் போயின.

1982-ல் ஊரார் மறுபடியும் கூடினார்கள். பாழடைந்த கட்டடத்தைச் செப்பனிட்டுக் காட்சிசாலையாக்கினார்கள். நீர்ச்சக்கரம் மீண்டும் சுழன்றது. ஆலையின் 250-ம் ஆண்டான 2007-ல் வாலையும் மீண்டும் சூடேறியது. 2012-ல் ஓர் அமெரிக்கக் கம்பெனி ஆலையை வாங்கியது. 2014-ல் அந்தக் கம்பெனியையே ஒரு ஜப்பானியக் கம்பெனி வாங்கிவிட்டது.

பத்திரத்தில் பெயர் மாறுவது எளிது. கொதிகலன் உடைந்தால் கைப்பணத்தை எடுத்து நீட்டும் ஊர் அமைவதுதான் அரிது. அப்படிப்பட்ட ஊரைச் சம்பாதிக்க ஜான் லாக் செலவிட்டது கொஞ்சம் நிலக்கரியும் கொஞ்சம் மனிதத்தன்மையுமே. தொழில் நடத்துவோர் கவனிக்கத்தக்க கணக்கு இது என்று நமக்குத் தோன்றுகிறது.