அடிவாரத்தில் கேட்க வேண்டிய ஓசை

மோட்டார் சைக்கிளின் சைலன்சரை மாற்றுவது பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் அது நகரத்தின் பிரச்சினையாகவே பேசப்படுகிறது. காவலர் வண்டியை நிறுத்துகிறார். குழாயைக் கழற்றச் செய்கிறார். பறித்தவற்றைச் சாலையில் வரிசையாக அடுக்கி ரோடு ரோலரை ஏற்றுகிறார்கள். மறுநாள் நாளிதழில் படம் வருகிறது. அத்துடன் சட்டம் தன் கடமையைச் செய்துவிட்டதாக நாமும் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். ஆனால் அந்த ஓசை மிகக் கடுமையாக விழும் இடம் நகரம் அன்று, மலைச்சாலை என்பதே என் எண்ணம். அதற்குக் கொல்லிமலையை விடத் தெளிவான சான்று தமிழகத்தில் இல்லை.

காரவள்ளியில் தொடங்கிச் சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். தென்னிந்திய மோட்டார் சைக்கிள் பிரியர்களிடையே இந்த எண்ணுக்கே ஒரு புகழ் உண்டு. ஒவ்வொரு வளைவிலும் வண்டி வேகத்தை இழந்து முதல் அல்லது இரண்டாம் கியருக்கு இறங்க வேண்டும். திரும்பியதும் ஏற்றத்தில் மறுபடி முறுக்க வேண்டும். எஞ்சின் மிகுதியாக ஓசை எழுப்பும் நிலை அதுதான். சமவெளியில் ஒரு வண்டி நம்மைக் கடந்து போனால் ஓசையும் கடந்து போய்விடும். இங்கே அதே வண்டி அதே சரிவின் மேல் மடிந்து மடிந்து ஏறுகிறது. கீழே கேட்டது சற்று நேரத்தில் தலைக்கு மேலே கேட்கிறது. பாறைச் சரிவு அதைத் திருப்பியும் அனுப்புகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120ஆம் விதி எளிமையானது: எஞ்சினிலிருந்து புகை வெளியேறும்போது எழும் ஓசையை இயன்ற அளவு குறைக்கும் கருவி ஒவ்வொரு வாகனத்திலும் இருக்க வேண்டும். சைலன்சர் என்ற சொல்லுக்கு விதி தரும் பொருளே அதுதான். ஓசையைக் கூட்டுவதற்கென்று செய்த குழாயைச் சைலன்சர் என்று அழைப்பதில் உள்ள முரணை மொழியில் அக்கறை கொண்டோருக்கு விளக்க வேண்டியதில்லை. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் எண்ணிக்கையில் பேசுகின்றன: 80 சிசி வரையுள்ள இருசக்கர வாகனத்துக்கு 75 டெசிபல், 175 சிசி வரை 77, அதற்கு மேல் 80. வேகம் கூட்டிச் செல்லும் வண்டியை ஏழரை மீட்டர் தள்ளி நின்று அளந்து கண்ட வரம்புகள் இவை.

டெசிபல் கணக்கைப் பலர் சாதாரணக் கூட்டல் கணக்காக நினைக்கிறார்கள். பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும். 80 வரம்புள்ள வண்டி 90 எழுப்புகிறது என்றால், சட்டப்படி ஓடும் பத்து வண்டிகள் சேர்ந்து எழுப்பும் ஒலியை அது ஒன்றே எழுப்புகிறது. ஐந்து பேர் கொண்ட ஒரு குழு ஞாயிறு காலையில் ஏறினால் மலை கேட்பது ஐம்பது வண்டிகளை.

இனி வண்டிக்காரர்களின் வாதம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது. பதிவுச் சான்றிதழில் எஞ்சின் எண் இருக்கிறது, சேசிஸ் எண் இருக்கிறது. சைலன்சர் எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்கள். கெட்டிக்காரத்தனமான கேள்விதான். ஆனால் 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து சென்ற ஒரு மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை இவ்வளவு குறுகலாகப் படிக்கவில்லை. தயாரிப்பாளரின் மூல வடிவமைப்புக்கு மாறான மாற்றம் கூடாது என்பதே அதன் முடிவு. அந்தப் பிரிவையே ஒதுக்கி வைத்தாலும் 190ஆம் பிரிவு தனியே நிற்கிறது. ஓசை, புகை பற்றிய நெறிகளை மீறிப் பொது இடத்தில் ஓட்டினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் முறையே மூன்று மாதம் உரிமம் வைத்திருக்கத் தகுதியிழப்பும் உண்டு. 2019 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம் இது. 182அ பிரிவின்படி அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். எல்லா மாற்றுக் குழாயும் குற்றம் என்பதில்லை. முறையாகச் சோதித்து ஒப்புதல் பெற்றவையும் விற்பனையில் உண்டு. குற்றம் ஒப்புதலற்றவற்றில் இருக்கிறது.

சட்டத்தில் குறை இல்லாமல் இல்லை. அது வண்டியின் உரிமையாளரைப் பிடிக்கிறது. சட்ட நெறிக்கு மாறான வாகனத்தை விற்கும் வணிகரைப் பிடிக்கிறது. பாதுகாப்புக்கு இன்றியமையாதவை என்று மத்திய அரசு அறிவித்த உதிரிபாகங்களை நெறி பிறழ்ந்து விற்பவரையும் பிடிக்கிறது. ஆனால் ஓசைக் குழாயை அலமாரியில் அடுக்கி விற்கும் துணைப்பொருள் கடைக்காரர் இந்த வலையின் கண்களுக்கிடையே நழுவிவிடுகிறார். பந்தயத் திடலுக்கு மட்டும் என்று பெட்டியின் மேல் அச்சிட்டுவிட்டால் தயாரித்தவருக்கும் பொறுப்பு தீர்ந்தது. உள்ளே ஒரு தடுப்பைத் திருகி வைத்து, டிபி கில்லர் என்று அதற்குப் பெயரும் வைத்து, ஒரு திருகைக் கழற்றினால் வெளியே வரும்படி விற்கிறார்கள். அந்தப் பெட்டிகளை வாங்குவோரில் எத்தனை பேர் பந்தயத் திடலின் வாசலையாவது பார்த்திருப்பார்கள்? இருபது வயது இளைஞனின் குழாயை ரோடு ரோலரால் நசுக்கும் அரசு, அதை அவனுக்கு விற்ற கடையின் முன்னால் ரோலரை நிறுத்துவதில்லை.

அந்த இளைஞனின் ஆசையை நான் இழிவாகப் பேச மாட்டேன். திருவொற்றியூரில் புல்லட் உருவாகத் தொடங்கிய 1950களிலிருந்தே அதன் துடிப்புக்கு நம் ஊர்களில் ஒரு மதிப்பு இருந்திருக்கிறது. ஓசை உயிரைக் காக்கும், எதிரே வருபவரை எச்சரிக்கும் என்றும் அவன் சொல்கிறான். இதை ஏற்பதற்கில்லை. குழாயின் வாய் பின்பக்கம் பார்க்கிறது. ஓசை பெரிதும் செல்வது கடந்து வந்த வழியை நோக்கி. வளைவின் மறுபக்கத்தை எச்சரிக்க ஹாரன் இருக்கிறது. போதாக்குறைக்கு, 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 நெறி வந்த பின் புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கி அந்தக் குழாய்த் தொகுதியில்தான் அமைகிறது. முழுத் தொகுதியையும் கழற்றி எறிபவர் ஓசையோடு நஞ்சையும் அவிழ்த்துவிடுகிறார்.

கொல்லி என்றதும் வல்வில் ஓரியும் கொல்லிப்பாவையும் நினைவுக்கு வருவது நம் வாசிப்பின் பழக்கம். மலையேறி வரும் பகையை ஒலியால் அறிந்து நகைத்தே கொல்லும் என்று பாவையைப் பற்றி ஒரு வழக்கு உண்டு. ஆனால் பாவையின் மலையில் இன்று மனிதர்கள் வாழ்கிறார்கள். செம்மேடு அமைந்த வாழவந்தி நாடு முதலான நாடுகளில் மலையாளிப் பழங்குடியினர் மிளகும் காப்பியும் சாமையும் விளைவிக்கிறார்கள். செம்மேட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. மருத்துவமனை, பள்ளி ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்க 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வழி செய்கின்றன. சமவெளிக்காரர்களுக்கு அந்தச் சாலை விளையாட்டு. மலைக்காரர்களுக்கு அது வீட்டு வாசல். விருந்தாளி வாசலில் நின்று கூச்சலிடுவதைச் சுற்றுலா வளர்ச்சி என்று நாம் அழைக்கிறோம்.

ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலம் 2020இல் ஒரு முடிவெடுத்தது. ஆவணத்தில் நிலை ஓசை 95 டெசிபலுக்கு மேல் குறிக்கப்பட்ட மோட்டார் சைக்கிள்கள் அதன் சில மலைச்சாலைகளில் கோடைப் பருவத்தில் நுழையக்கூடாது என்று தடை விதித்தது. முறைப்படி பதிவான வண்டிகளுக்கும் அந்தத் தடை பொருந்தியது. மலைவாசியின் அமைதி பயணியின் இன்பத்துக்கு முந்தியது என்று ஓர் அரசு வெளிப்படையாகச் சொன்னது. நம் சட்டம் கேட்பது அதைவிடக் குறைவு: தயாரிப்பாளர் பொருத்திய குழாயோ ஒப்புதல் பெற்ற குழாயோ இருந்தால் போதும், ஏறலாம்.

வளைவில் நின்று டெசிபல் அளப்பது நடவாத காரியம். தேவையும் இல்லை. குழாய் மாற்றப்பட்டிருக்கிறதா, உள்ளே தடுப்பு இருக்கிறதா என்பதைப் பழகிய கண் ஒரு பார்வையில் சொல்லிவிடும். மலைக்கு ஏறும் முக்கிய வழிகள் மிகச் சில: காரவள்ளி ஒன்று, முள்ளுக்குறிச்சி மற்றொன்று. விடுமுறை நாள் காலைகளில் அங்கே இரண்டு அலுவலர்கள் நின்று, ஒப்புதலற்ற குழாயோடு வரும் வண்டியை அடிவாரத்திலேயே திருப்பி அனுப்பலாம். நூறு கிலோமீட்டர் ஓட்டி வந்தவனுக்கு முதல் வளைவைக் காணாமல் திரும்புவதை விடக் கடும் அபராதம் வேறில்லை. குழாயை விற்றவரையும் சட்டத்தின் கீழ்க் கொண்டுவர ஒரு திருத்தம் வேண்டும். அது டெல்லியில் நடக்க வேண்டியது, காலம் எடுக்கும். அடிவாரத்தில் நிற்பதற்கு எந்தத் திருத்தமும் வேண்டியதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம்.