மருந்தும் மொழியும்

நாட்றம்பள்ளியில் எம் தெருவில் வாழும் தோல் பதனிடும் தொழிலாளி ஒருவர், தம் மகனுக்கு இரத்தப் புற்றுநோய் கண்டபோது, நகரத்து மருத்துவமனை ஒன்றிற் பெற்ற ஒப்புதல் தாளுடன் எம்மிடம் வந்தார். "தம்பி, நீ தமிழ்தானே படிக்கிறாய், இதில் என்ன எழுதியிருக்கிறது, சொல்லப்பா" என்றார். எழுத்துத் தமிழ், சொற்களோ ஆங்கிலம். பிளினாடுமோமாப், கார்-டி என உரக்கப் படித்தோம். பொருளுரைக்க இயலாது நாணினோம். அந்நாணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

வள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்தில், நோயாளி, மருத்துவர், மருந்து, பணிவிடை செய்வார் என மருத்துவத்திற்கு நான்கு உறுப்புக் கூறி, நோயாளியையே முதற்கண் வைத்தார். கார்-டி சிகிச்சைக்கு இது மிகப் பொருந்தும். அதில் மருந்தே நோயாளியின் உடலினின்று பிறப்பதாம்.

நம் குருதியில் டி அணுக்கள் என்னும் காவலர் உளர். புற்றணுவைப் பகையென்று அறியாது அவர் விட்டுவிடுவதுண்டு. மருத்துவர் அவ்வணுக்களை வெளியே எடுத்து, புற்றணுவின் மேலுள்ள சிடி19 என்னும் அடையாளத்தை அறியும் ஆற்றலை மரபணு வழியாக ஊட்டிப் பெருக்கி, மீண்டும் உடலிற் செலுத்துவர். இதுவே கார்-டி. பிளினாடுமோமாப் என்பது ஓர் எதிர்ப்பொருள் மருந்து. அது ஒரு கையால் டி அணுவையும் மறுகையால் புற்றணுவையும் பற்றி நெருங்கச் செய்யும். கார்-டிக்கு முன் நோயின் அளவைக் குறைக்க இதனை வழங்குவாரும் உளர். டோசிலிசுமாப் என்னும் பிறிதோர் எதிர்ப்பொருளோ, காவலரின் மிகைச் சீற்றத்தால் எழும் கொடுஞ்சுரத்தைத் தணிக்கும். 2012-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கார்-டி பெற்ற சிறுமி ஒருத்தி இம்மருந்தின் துணையாலேயே அச்சுரத்தினின்று பிழைத்தாள்.

இவை கடல் கடந்த செய்திகள் மட்டுமல்ல. மும்பை ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மருத்துவமனையும் உருவாக்கிய நெக்ஸ்கார்19, 2023-இல் இந்திய அரசின் ஒப்புதல் பெற்றது. வாணியம்பாடியும் ஆம்பூரும் கடந்தால் எய்தும் வேலூரில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் இவ்வணுக்களை மருத்துவமனையிலேயே ஏறத்தாழ 9 நாளில் ஆக்கிச் சில நோயாளிகளுக்குச் செலுத்திய சோதனையின் நற்பயன் 2025-இல் வெளியாயிற்று. மருந்து நம் வாயிலண்டை வந்துவிட்டது. அதன் விலை இறங்குதல் அறிஞர்க்கும் அரசினர்க்கும் உரிய கடமை. அதனை விளங்கச் செய்தல் நமக்குரியதன்றோ?

கலைச்சொற்களை மாற்றினாற் குழப்பம் விளையுமென்பர் சிலர். மருந்தின் பெயரை மாற்றுக என்று யாம் கூறவில்லை. அது செய்யும் தொழிலையும் அதனால் வரும் இடரையும் தமிழில் உரைக்கவே வேண்டுகிறோம். அணுக்களை ஏற்றியபின் வரும் காய்ச்சலை உடனே தெரிவித்தல் வேண்டுமென்று அறியாத தாய், கஷாயம் கொடுத்துக் காத்திருப்பாள். அத்தாமதம் உயிரையே கவரலாம். பொருளறியாது இட்ட கையொப்பம் ஒப்புதலும் ஆகாது.

ஆதலின், நம் கல்லூரித் தமிழ் மாணவரும் உயிரியல் மாணவரும் கூடி, மருத்துவர் பார்வையிட, இத்தகைய தாள்களை எளிய தமிழில் ஆக்கித் தருவாராக. அத்தகப்பனார் மீண்டும் எம் வாயிலுக்கு வருங்கால், யாம் தலைகுனியாது படித்துப் பொருள் சொல்லுதல் வேண்டும்.